மாக்கிறட்டின் ஒலிபெருக்கியும் மூன்றாவது சிகரெட் கடையும்

மன்னார்த் தீவில் எங்கள் ஓடக்கரை வீதியில் யார் செத்தாலும் முதலில் அழுவது மாக்கிறட்டின் ஓட்டோதான். கூரையில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலும் ஒரு சோக இசை அரை நிமிடம் இழுத்து இழுத்து அழும். பிறகு மாக்கிறட்டின் குரல் வரும். "பேசாலையைப் பிறப்பிடமாகவும், ஓடக்கரை வீதியை வதிவிடமாகவும் கொண்ட..." என்று அவள் தொடங்கினால், அடுப்பில் கொதிக்கிற கறியை அப்படியே விட்டுவிட்டு ஆளாளுக்கு வாசல் படலைக்கு ஓடுவார்கள். நானும் ஓடுவேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என் பெயர் பெற்றிசியா. எனக்கும் மாக்கிறட்டுக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. அவளுடைய குரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் தன் குசினியில் கணவரிடம் இரகசியம் சொன்னால் என் குசினியில் நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு உப்புப் போடுவேன். பதினைந்து வருடப் பழக்கத்தில் சொல்கிறேன், மாக்கிறட்டுக்குப் பொய் வராது, திருட்டு வராது, மெதுவாகப் பேசவும் வராது.

அந்தக் குரல் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குத் தப்பிப் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனபோது அவளுக்குப் பதினேழு வயது. மண்டபம் முகாமில் அரிசி வரிசைக்குப் பெயர் கூப்பிட ஆள் தேவைப்பட்டது. மைக் கிடையாது. ஆயிரக்கணக்கான சனம், குழந்தைகளின் அழுகை, கடற்காற்று, இத்தனையையும் தாண்டி ஒரு பெயர் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். மாக்கிறட் கூப்பிட்டாள். போய்ச் சேர்ந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்த பெயர்களில் ஒன்று யோசேப். அவள் தன் பெயரைக் கூப்பிட்ட விதம் பிடித்துப்போய், அரிசி வாங்கிய பிறகும் அந்த மனிதர் திரும்பவும் வரிசையில் போய் நின்றாராம். மூன்றாம் முறை நின்றபோது மாக்கிறட் எல்லோருக்கும் கேட்க, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். யோசேப் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் அப்படித்தான், வாய்க்குள் பேசுகிற மனிதர். ஆனால் அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு பெண்களுக்கு ஓட்டோ ஓடப் பழக்கினார்கள். பழகிய ஒன்பது பேரில் வீதியில் தொடர்ந்து ஓடியவள் மாக்கிறட் ஒருத்திதான். அந்தக் காலத்தில் மரண அறிவித்தலுக்கென்று எங்கள் பக்கம் ஒரு மனிதர் இருந்தார். அவர் செத்தபோது, அவருடைய சாவை அறிவிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. செத்தவரின் மனைவி ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து மாக்கிறட்டின் ஓட்டோவில் வைத்து, "நீயே சொல்லு பிள்ளை" என்றாள். அன்றிலிருந்து ஏழு வருடமாக வீதியின் சாவுகள் எல்லாம் அவள் வாயால்தான். இடையிடையே இரத்ததானம், காணாமல்போன ஆடு, கோயில் திருநாள் என்று வேறு அறிவித்தல்களும் வரும். ஆனால் சாவுக்கு வந்து பழகிய நாக்கு எதைச் சொன்னாலும் அது சாவு போலவே இருக்கும். காணாமல்போன ஆட்டுக்காக இரண்டு பேர் கண் கலங்கியதை நானே கண்டிருக்கிறேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

யோசேப்புக்குப் பதினான்கு வயதில் தொடங்கிய சிகரெட். கடலில் பிடிப்பார், கரையில் பிடிப்பார், கிழிந்த வலை பொத்தும்போதும் உதட்டில் ஒன்று தொங்கும். போன வருடம் படியேறவே மூச்சு வாங்கியது. நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் அதிகம் பேசவில்லையாம். "விட்டால் கடலுக்குப் போகலாம். விடாட்டில் கட்டிலுக்குப் போகலாம்" என்றாராம். யோசேப் அன்றைக்கே விட்டார். விட்டது பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம், அதை மாக்கிறட்டோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு செய்தது. ஏனென்றால் முதல் நாளே வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு நாள் காலையும் வஸீர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தி, "இண்டைக்குப் பன்னிரண்டு நாள்" என்பாள் மாக்கிறட். மறுநாள் பதின்மூன்று. கடையில் இருக்கிற அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். இரத்ததான அறிவித்தல் ஒன்றின் கடைசியில், மைக் கையில் இருக்கிறதே என்று, "யோசேப் இருபத்தோராம் நாள்" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அன்று அந்த மனிதர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இரத்தம் கொடுக்க மட்டும் நிறையப் பேர் போனார்கள்.

யோசேப் சிகரெட்டை விடுவதற்கு முன்னமே, அதே வருடத் தொடக்கத்தில் கொன்ஸ்ரன்ரைன் எங்கள் வீதிக்கு வந்திருந்தார். முருங்கன் ஊர் ஆள். உருண்டையான உடம்பு, வாயெல்லாம் சிரிப்பு, கல்யாணம் கட்டாத மனிதர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வந்த மூன்றாம் மாதம் ஒரு சிகரெட் கடை திறந்தார், ஆறாம் மாதம் இன்னொன்று. கண்ணாடிப் பெட்டி, ஓடி ஓடி எரிகிற கலர் லைட், வாசலில் கயிற்றில் தொங்கும் லைட்டர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்த லைட்டரைத் தட்டி விளையாடிவிட்டுப் போவார்கள். மூன்றாவது கடைக்கு அவர் பிடித்த இடம் யோசேப்பின் படலைக்கு நேர் எதிரே. நான் அளந்து பார்த்தேன், பதினொரு அடி வைத்தால் போதும்.

மாக்கிறட் அன்று பின்னேரம் மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள்.

"பெற்றிசியா அக்கா, ரெண்டு கடையை அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு கடந்து போறார். நான் பாக்கிறனான். இது படலையைத் திறந்தா மூஞ்சிக்கு முன்னால. இது வந்தா என்ர மனுசன் போயிடுவார்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுவதை அதற்குமுன் நான் கண்டதில்லை. மற்றவர்களுக்காக ஓட்டோ அழும், அவள் அழமாட்டாள்.

புதுக் கடைக்கு ஆட்சேபனை இருந்தால் எழுதித் தரலாம் என்று பிரதேச சபை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் சபைக் கந்தோரில், நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வஸீர் நானா உடனே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினார். அவர் தன் கடையில் சிகரெட் விற்பதை நோன்புக்கு நிறுத்தியவர், பெருநாள் முடிந்த பிறகும் திரும்பத் தொடங்கவில்லை. எதிர்ப்பு என்றால் அவர்தான் முன்னுக்கு நிற்பார். கொன்ஸ்ரன்ரைனோ அனுமதி வருமுன்னமே சனிக்கிழமை பின்னேரம் திறப்பு விழா என்று பந்தலுக்கும் கதிரைக்கும் சொல்லிவிட்டார். சரி, அதே நேரம் அதே கடை வாசலில் நாங்களும் கூடுவோம், வருகிற சனத்திடம் கையெழுத்து வாங்குவோம் என்று முடிவானது. சனத்தைக் கூட்டுவது மாக்கிறட்டின் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை காலை வஸீர் நானா அறிவித்தலைச் சீனிப் பை ஒன்றின் பின்பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தார். "அன்பான பொதுமக்களே" என்று தொடங்கும் நல்ல அறிவித்தல். அது முதல் திருப்பம் வரைக்கும்தான் மாக்கிறட்டோடு போனது. சோளகக் காற்று வீசுகிற காலம். பை பறந்து போய்க் கடலோடு சேர்ந்தது. போனால் போகட்டும், ஏழு வருட நாக்கு இருக்கிறதே என்று மாக்கிறட் சுவிச்சைத் தட்டினாள். சோக இசை வந்தது. அந்தப் பென்டிரைவில் இருப்பது அது ஒன்றுதான்.

"முருங்கனைப் பிறப்பிடமாகவும், ஓடக்கரை வீதியை வியாபார இடமாகவும் கொண்ட திருவாளர் கொன்ஸ்ரன்ரைன் அவர்களின் புகையிலைக் கடைக்கான எதிர்ப்புக் கூட்டம், நாளை சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அன்னாரின் கடை வாசலில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

முழுதாகக் கேட்டால் பிழை இல்லை. ஆனால் ஓட்டோ குலுங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரின் வயர் விட்டு விட்டுப் பிடிக்கும். எங்கள் வீதியில் பள்ளம் இல்லாத இடம் கோயில் முன்றல் மட்டும்தான். எனக்குக் கேட்டது இவ்வளவு: சோக இசை, முருங்கனைப் பிறப்பிடமாக, திருவாளர் கொன்ஸ்ரன்ரைன், நான்கு மணி, அன்னாரின், ஏற்றுக்கொள்ளவும்.

கூட்டம் நடக்கப்போவது தெரிந்த எனக்கே நெஞ்சு திக்கென்றது. ஐயோ, நேற்றுக்கூட என்னைப் பார்த்துச் சிரித்த மனிதர் என்று நினைத்துச் சிலுவை போட்டேன். மற்றச் சனத்தை என்னவென்று சொல்வது? "அன்னார்" என்று மாக்கிறட் சொன்ன பிறகு எங்கள் ஊரில் ஒருவரும் உயிரோடு இருந்ததில்லை.

பத்து மணிக் கதையில் கொன்ஸ்ரன்ரைன் வவுனியாவில் சரக்கெடுக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து விழுந்தார். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் பிரேதத்தைக் கொடுக்கத் தாமதமாகிறது. மத்தியானம் சாகும்போது உடுத்தியிருந்த சேட் நீலக் கோடு போட்டது என்று தெரிந்துவிட்டது. இத்தனை விபரத்தையும் யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்காதீர்கள். வவுனியாவுக்கு அவர் சரக்கெடுக்கப் போனது மட்டும் உண்மை. ஒரு தரம் போன் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். செத்தவருக்கு யார் போன் எடுப்பார்கள்? மாக்கிறட்டிடமும் யாரும் கேட்கவில்லை, அறிவித்ததே அவள்தானே.

சனிக்கிழமை காலை கடற்றொழிலாளர் சங்கத்துக்காரர் வீதி நெடுகக் கறுப்பு வெள்ளைக் கொடி கட்டினார்கள். மாக்கிறட் அதை எதிர்ப்புக் கொடி என்று நினைத்துக்கொண்டாள். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கடைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது, நூறு கதிரை அடுக்கியிருந்தது. வாசலில் ஒரு மேசையும் அதில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தன. கதிரைகளுக்கு நடுவே தட்டங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு, அடுக்கடுக்காய்ச் சிகரெட். செத்த வீட்டில் வைக்கிற தட்டம் அப்படியே. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் இலவசமாய் எடுக்கட்டும் என்று கொன்ஸ்ரன்ரைன் முதல் நாளே ஒழுங்கு பண்ணிவிட்டுப் போனது அது.

நான் வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு போனேன். மாக்கிறட் பந்தல் வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, வருகிற சனத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றாள்.

"பாத்தீங்களோ அக்கா, ஒரு தரம் சொன்னதுக்கு எவ்வளவு சனம். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையில வருகினம். ஆர் ஒழுங்கு பண்ணினது?"

"மாக்கிறட்," என்றேன், "அங்க பார்."

சங்கத்துக்காரர் இரண்டு பேர் மலர்வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் நடுவே கொன்ஸ்ரன்ரைனின் பெயர். மாக்கிறட் அதை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. "நான் சரியாத்தான் சொன்னனான்" என்றாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிழையைத் திருத்த வேண்டுமே என்று அவள் ஓட்டோவுக்குள் பாய்ந்து சுவிச்சைத் தட்டினாள். தட்டியது அவசரத்தில். சோக இசை வந்தது. பந்தல் முழுக்க எழுந்து நின்றது. வசந்தமலர் என்று ஒரு மனுசி, எந்தச் செத்த வீட்டிலும் முதல் வரிசைக்காரி, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "திருவாளர் கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் இறக்கவில்லை" என்று மாக்கிறட் மைக்கில் கத்தியது ஒப்பாரிக்குள் அமிழ்ந்து போயிற்று. கேட்ட ஒன்றிரண்டு பேரும், பாவம், மனது தாங்காமல் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

இதற்குள் மேசையில் இருந்த கொப்பியில் சனம் வரிசையாக நின்று எழுதிக்கொண்டிருந்தது. வஸீர் நானா ஒவ்வொருவருக்கும் பேனையைக் கொடுத்து, "நல்லா எழுதுங்கோ, மனசில உள்ளதை எழுதுங்கோ" என்றார். எழுதினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்கள். எதிர்ப்பு இவ்வளவு உருக்கமாக இருக்கும் என்று வஸீர் நானா எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் யோசேப்பைக் கண்டேன். மூன்றாம் வரிசைக் கதிரையில் இருந்தார். தட்டம் கைமாறிக் கைமாறி அவர் முன்னால் வந்து நின்றது. செத்த வீட்டில் தட்டத்தைத் தட்டக் கூடாது, ஒன்றைத் தொட்டாவது அனுப்ப வேண்டும். எங்கள் பழக்கம் அது. அவரைச் சுற்றி எல்லோர் வாயிலும் புகை. அன்று அவருக்கு அறுபத்துமூன்றாம் நாள். நான் மாக்கிறட்டின் கையைப் பிடித்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வான் ஒன்று வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு கொன்ஸ்ரன்ரைன் இறங்கினார். சேட் வெள்ளை, நீலக் கோடு இல்லை.

தன் கடைத் திறப்புக்கு இவ்வளவு சனம் வந்திருக்கிறதே என்று அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று பந்தலுக்குள் வந்தார். ஒப்பாரி நடுச் சொல்லில் நின்றது. முதல் வரிசையில் இரண்டு பேர் மயங்கினார்கள். ஒருவர் கதிரையோடு பின்னால் விழுந்தார். எல்லோரும் எழுந்து நிற்கிற மரியாதையைப் பார்த்து அவர் இன்னும் மகிழ்ந்து போனார். பிறகுதான் கொடிகள் கண்ணில் பட்டன.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

கடைசியில் வஸீர் நானாதான் சொன்னார்.

"நீங்கதான்."

"எப்ப?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

வீதியில் திரிகிற கழுதை ஒன்று இதற்குள் பந்தலுக்குள் புகுந்து அவருடைய மலர்வளையத்தின் ஒரு பக்கத்தைத் தின்று முடித்திருந்தது. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம். அன்றைக்கு அந்தப் பந்தலில் சிரித்த சிரிப்பில் எனக்கு இரண்டு நாள் விலா நொந்தது. அந்தச் சிரிப்பில் யோசேப் தட்டத்தை என்ன செய்தார் என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

மாக்கிறட் அவரிடம் கேட்கவில்லை. என் மனுசன் தொட்டிருக்கமாட்டார் என்று தானே முடிவு செய்துகொண்டாள். ஞாயிறு காலை வஸீர் நானாவின் கடை வாசலில் "அறுபத்து நாலு" என்றாள். "செத்த வீட்டுத் தட்டத்தையே திருப்பி அனுப்பின மனுசன்" என்றும் சேர்த்துச் சொன்னாள். யோசேப் அன்றிலிருந்து கடற்கரைக்கு வீட்டின் பின்பக்கத்தால் போகத் தொடங்கினார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, சபைக் கந்தோரில் விசாரணை. விசாரித்தவர் செயலாளர் சிவலட்சுமி. கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற, கண்டிப்பான மனுசி. ஒரு பக்கம் கொன்ஸ்ரன்ரைன், மறுபக்கம் நாங்கள் ஒரு இருபது பேர். யோசேப் பின் சுவரோடு நின்றார். வஸீர் நானா கொப்பியைப் பெருமையோடு நீட்டினார். நூற்றுப் பதினேழு கையெழுத்து. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, பூட்டி வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்து கையெழுத்துத்தானே, எழுதியதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

சிவலட்சுமி வாசிக்கத் தொடங்கினார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும். நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும். நல்ல மனிசன், கேட்டால் இல்லையெண்டு சொல்லாதவர்..." நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். "இது கடைக்கான ஆட்சேபனையோ?"

இருபதாவது கையெழுத்து என்னுடையது. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதியிருந்தேன். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சேர்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். பெண் அதிகாரி என்பதைக்கூட மறந்துபோயிருந்தார். "அந்தக் கொப்பியை ஒருக்கா எனக்குப் போட்டோக்கொப்பி எடுத்துத் தருவீங்களோ?"

"இதில அனுதாபம்தான் இருக்கு. ஆட்சேபனை எண்டு ஒண்டும் இல்லை" என்று சிவலட்சுமி கொப்பியை மூடினார். "வாயால சொல்ல ஆரும் இருக்கிறீங்களோ?"

மாக்கிறட் எழுந்தாள். அந்தக் கந்தோர் அறைக்கு அவள் குரல் பெரிது. மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் லைட்டரைத் தட்டி விளையாடுவதைச் சொன்னாள், பதினொரு அடியைச் சொன்னாள், நெஞ்சுப் படத்தைச் சொன்னாள். கடைசியில் பெருமை தாங்க முடியாமல், "என்ர மனுசன் சிகரெட்டை விட்டு இண்டைக்கு எழுபத்திரண்டு நாள் அம்மா" என்றாள்.

கொன்ஸ்ரன்ரைன் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"அவர் விட்டது நல்ல காரியம். ஆனா நான் ஒண்டு கேக்கிறன். அவர் விடேக்க வீதியில என்ர ரெண்டு கடை இருந்தது. செத்த வீட்டுத் தட்டத்தையும் திருப்பி அனுப்பினவர் எண்டு நீங்களே ஊருக்குச் சொன்னீங்கள். அப்பிடிப்பட்ட மனுசனை இன்னொரு கடை என்ன செய்யும்?"

மாக்கிறட் தான் கட்டிய கயிற்றில் தானே தடக்கி விழுந்தாள். சிவலட்சுமி பேனையை எடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"எழுபத்திரண்டு இல்லை."

பின் சுவரிலிருந்து வந்தது. குரல் சின்னது, ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. யோசேப் முன்னால் வந்தார். நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது நாள். அண்டைக்குத் தட்டத்தில ஒண்டு எடுத்தனான். கோயிலுக்குப் பின்னால போய்ப் பத்தினனான். பிறகு திரும்பி வந்து இன்னொண்டு எடுத்தனான்." மூச்சை இழுத்தார். "கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிற வெக்கத்தாலதான் நான் இவ்வளவு நாளும் தப்பினனான், அம்மா. கண்ணுக்கு முன்னால வந்து நிண்டதை என்னால விட முடியேல்ல. இவற்ர கடை என்ர படலைக்கு முன்னால. நான் என்ன செய்வன் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் ஆட்சேபனை."

சிவலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதத் தொடங்கினார். கொன்ஸ்ரன்ரைன் தலையைக் குனிந்துகொண்டார்.

அனுமதி இல்லை என்ற கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு கடைகளும் இன்னும் இருக்கின்றன, லைட்டர் இன்னும் தொங்குகிறது. எங்கள் வீதி ஒரே நாளில் சொர்க்கமாகிவிடவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல, விசாரணை முடிந்து நாங்கள் வீடு திரும்பியதை.

மாக்கிறட் ஓட்டோவை ஓட்டினாள். பின்னால் யோசேப்பும் நானும். அவள் பேசாமல் இருந்து ஓட்டோவின் எஞ்சின் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். மாக்கிறட் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

யோசேப் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு ராவே சொல்லத்தான் நினைச்சனான்" என்றார். "விடியப் பாத்தா நீ அறுபத்து நாலு எண்டு சொல்லிப்போட்டாய். ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. உன்ர முகத்தில இருந்த சந்தோசம்... பிறகு என்னெண்டு சொல்லுறது?"

அவளுடைய தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. அந்த எண்ணைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்திதானே. யோசேப் கையை நீட்டி அவள் தோளில் வைத்தார். வைத்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல ஓட்டோவைத் தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தினாள். நானும் பாண் வாங்கப் போயிருந்தேன். கந்தோருக்கு வராத ஆட்கள் கடையில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் விடயம் தெரியாது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வஸீர் நானாவுக்குத் தெரியும், அவர் தேத்தண்ணியை இழுத்து ஆற்றிக்கொண்டே நின்றார். யாரோ ஒருவர், "என்ன மாக்கிறட், இண்டைக்கு எழுபத்து மூண்டோ?" என்று கேட்டார்.

அவளுடைய நாக்கு எழும்பியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பத்து என்று சொல்ல வந்தாளோ, வேறு என்ன சொல்ல வந்தாளோ தெரியாது. வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"அவரைக் கேளுங்கோ" என்றாள். "அது அவற்ர நாள்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவள் சொன்னது அரைகுறையாகத்தான் கேட்டது.